வாசல் பெருக்க ஒரு டெண்டர்!

வாசலைச் சுத்தம் செய்வதற்கு ஒரு சர்க்கார் டெண்டர் விடுகிறது. அந்த டெண்டர் பக்கம் பக்கமாக நீளுகிறது. அதைப் பொழுது போவது தெரியாமல் உட்கார்ந்து படித்தேன் என்று சொன்னால், "இவளுக்கு வேறு வேலையே கிடையாதா?" என்று நீங்கள் கேட்பீர்கள். கேளுங்கள், தப்பில்லை. ஆனால் என்னை அதைப் படிக்க வைத்தது பத்திரிகை உத்தியோகம் அல்ல. என் அம்மாவின் இடுப்பெலும்பு!

என் அக்கா அமெரிக்காவில் நர்ஸ். நியூயார்க் மாநிலத்தில், ஒன்டாரியோ ஏரிக்குத் தெற்கே ஓர் ஊரில் குடியிருக்கிறாள். வடக்கேயிருந்து வரும் குளிர்காற்று, அதைவிட வெதுவெதுப்பாக இருக்கும் ஏரி நீரின்மேல் தவழ்ந்து, ஈரத்தை வாரிக்கொண்டு வந்து, கரையேறியதும் பனியாகக் கொட்டிவிடும். அந்தப் பக்கத்து ஸிரக்யூஸ் நகரத்தில் ஒரு குளிர்காலத்தில் சராசரியாகச் சுமார் 10 அடிப் பனி விழுகிறது. அடேயப்பா! இரண்டு ஆள் உயரம் என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

அம்மா அங்கே போயிருந்தாள். எந்த தேசத்துக்குப் போனால் என்ன? விடிந்ததும் வாசற்கதவைத் திறக்காவிட்டால் அவளுக்குப் பொழுது விடிந்ததாகாது. முதல் நாள் மத்தியான வெயிலில் கூரைப் பனி உருகிப் படியில் சொட்டியிருக்கிறது. இரவில் அது உறைந்து கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. கீழே இருக்கும் கல்தான் தெரியுமே தவிர, மேலே பனிக்கட்டி இருப்பது தெரியாது. அம்மா ஒரு காலை எடுத்து வைத்தாள். அவ்வளவுதான்.

அக்கா அன்று 7 மணி டியூட்டிக்காக இருட்டிலேயே கார் ஷெட் வழியாகக் கிளம்பிப் போயிருந்தாள். முன்வாசலை அவள் பார்க்கவே இல்லை.

அம்மாவை அழைத்து வர நான் போனேன். அப்போது அக்கா சொன்னாள்: "எங்கள் ஆஸ்பத்திரி வாசலில் ஒரு கிழவர்கூட வழுக்கி விழக் கூடாது என்று விடியற்காலை மூன்று மணிக்கே ஆள் வந்துவிடுகிறான். அந்த வாசலில் நான் நிம்மதியாக நடந்து போனேன். என் வீட்டு இரண்டு படியைப் பார்க்காமல் போனேனே, பார்த்தாயாடி!"

அவளைச் சமாதானப்படுத்த எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. ஆனால், "அந்த மூன்று மணி ஆளை யார் அனுப்புகிறார்கள்?" என்ற கேள்வி மட்டும் மனத்தை விட்டுப் போகவில்லை.

அக்கா வேலை பார்ப்பது, முன்னாள் ராணுவத்தினருக்காக அமெரிக்க மத்திய சர்க்கார் நடத்தும் ஆஸ்பத்திரி. இத்தகைய பெரிய ஆஸ்பத்திரிகள் அந்த நாட்டில் 170 இருக்கும். குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவை பலவும் பனி அள்ளுவதற்கு வெளியாரிடம் ஒப்பந்தம் போடுகின்றன. டெண்டர்களை மத்திய சர்க்காரின் இணையதளத்தில் வெளியிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் படிக்கலாம். நானும் படித்தேன்.

பல டெண்டர்களில், இரண்டு அங்குலம் பனி சேர்ந்ததும் வண்டி வந்து தள்ள வேண்டும் என்று ஷரத்து இருக்கிறது. இரவா பகலா, பண்டிகையா என்றெல்லாம் கேட்கக் கூடாது. எதை முதலில் சுத்தம் செய்வது என்பதற்கும் வரிசை உண்டு. ஆம்புலன்ஸ் வரும் வழியும் அவசர சிகிச்சை வாசலும் முதலில். தீ விபத்து நேர்ந்தால் வெளியேறும் கதவுகள், தண்ணீர்க் குழாய்கள் இவற்றையும் மறக்கக் கூடாது. ஊழியர்கள் கார் நிறுத்தும் இடம் பின்னால்தான். அள்ளிய பனியைச் சக்கர நாற்காலிக்காரர்களின் இடத்தில் குவிக்கக் கூடாது. எத்தனை மணிக்கு வந்தான், எத்தனை மணிக்குப் போனான் என்று குறித்துக் கொடுக்க வேண்டும்.

நம் வீட்டில் அம்மாக்கள் வேலைக்காரியிடம் சொல்வார்களே, "முதலில் வாசல், அப்புறம் முற்றம், மூலையை விட்டுவிடாதே" என்று! அதைத்தான் சர்க்கார் பாஷையில் எழுதியிருக்கிறார்கள்.

ஏன் இத்தனை கெடுபிடி? வாரத்துக்கு மூன்று நாள் டயாலிஸிஸ் செய்துகொள்கிறவரிடம், "இன்று பனி அதிகம், நாளை வாருங்கள்" என்று சொல்ல முடியுமா? 2022 டிசம்பரில் பஃபலோ நகரைப் பனிப்புயல் தாக்கியபோது ஆம்புலன்ஸ்களும் தீயணைக்கும் வண்டிகளுமே சாலையில் சிக்கிக்கொண்டன. உதவிக்குக் கூப்பிட்ட வீடுகளுக்கு ஆள் போய்ச் சேருவதற்குள் உயிர்கள் போய்விட்டன. அப்படிப்பட்ட புயலை எந்தக் காண்டிராக்டரும் தடுக்க முடியாதுதான். ஆனால் சாதாரண நாளில் வாசல் திறந்திருக்க வேண்டும் அல்லவா?

அக்காவின் ஆஸ்பத்திரிக் காண்டிராக்டரை ஒரு நாள் காப்பி அறையில் சந்தித்தேன். ஐம்பது வயதிருக்கும். ஒரு முழங்கால் மடங்காது. ஈராக் யுத்தத்தில் பட்ட அடி என்றார். "நோயாளிகளைப் போல நானும் இங்கே வைத்தியம் பார்த்துக்கொள்கிறவன்தான்" என்று சிரித்தார்.

இது தற்செயல் அல்ல. இந்த ஆஸ்பத்திரி இலாகாவின் ஒப்பந்தங்களில் முன்னாள் ராணுவத்தினரின் சிறு நிறுவனங்களுக்கு முன்னுரிமை தர 2006-இல் ஒரு சட்டம் செய்தார்கள். அவர்களிலும் ராணுவ சேவையில் ஊனமுற்றவர்களுக்கு முதலிடம். நியாயமான விலையில் அத்தகைய இருவராவது போட்டிக்கு வருவார்கள் என்றால், போட்டியை அவர்களுக்குள்ளேயே நடத்த வேண்டும். இலாகா இதற்குச் சில விதிவிலக்குகள் சொல்லிப் பார்த்தது. 2016-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், அதெல்லாம் செல்லாது, சட்டம் சட்டம்தான் என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்துவிட்டது. இவரிடம் மண்வாரி பிடிக்கும் தொழிலாளிக்கும் பாதுகாப்பு உண்டு. வட்டாரத்தில் வழங்கும் கூலிக்குக் குறைத்துக் கொடுக்கக் கூடாதென்று 1965-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது.

"லாபம் வருமா?" என்று கேட்டேன்.

"அதை ஆகாசத்தைத்தான் கேட்க வேண்டும்" என்றார். சீஸனுக்கு மொத்தமாக இவ்வளவு என்று பேசினால், பனி குறைந்த வருஷம் காண்டிராக்டருக்கு யோகம்; கூடிய வருஷம் நஷ்டம். ஒவ்வொரு தடவைக்கும் இவ்வளவு என்று பேசினால் அந்தக் கஷ்டம் சர்க்காருக்கு. "பனி விழாதென்று நம்பிக் குறைந்த விலை போடுகிறவன் ஜனவரிக்குள் கையைப் பிசைவான். அப்புறம் முதலில் உப்பில்தான் கை வைப்பான்" என்றார்.

உப்பு என்றதும் எனக்கு ஆச்சரியம். உப்பு கலந்த நீர் சீக்கிரம் உறையாது. ஆகவே பனிக்கு முன்பே தூவிவிட்டால் அது தரையோடு ஒட்டிக்கொள்ளாது. ஆனால் சுமார் மைனஸ் 9 டிகிரிக்குக் கீழே சாதா உப்பு சோர்ந்துபோகும். விலை கூடிய கால்சியம் குளோரைடு வேண்டும். அள்ளிக் கொட்டவும் கூடாது. சிமெண்டு அரித்துவிடும், ஓடையும் செடியும் பாழாகும். சமையலில் மட்டுமா உப்புக்குக் கைப்பக்குவம் வேண்டும்!

"பனி விழுந்துவிட்டால் வேலை செய்யலாம். விழுமா விழாதா என்று விழித்திருக்கும் ராத்திரிதான் கஷ்டம்" என்றார் அவர். எனக்குச் சட்டென்று ஒன்று விளங்கியது. சர்க்கார் விலை கொடுப்பது பனி அள்ளுவதற்கு மட்டுமல்ல. ஒருவர் தூங்காமல் கவனித்துக்கொண்டிருப்பதற்கும் சேர்த்துத்தான். அந்தக் கவனத்துக்கு விலை போடாமல், குறைந்த தொகைதான் லாபம் என்று எண்ணினால், மிச்சத்தை யாராவது ஒரு கிழவர் தம் எலும்பால் கொடுக்க நேரிடும்.

வெளியே வந்தபோது கோல் ஊன்றிய முதியவர் ஒருவர் காரிலிருந்து இறங்கி வந்தார். தரையைப் பார்க்கவே இல்லை. அக்காவைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே விறுவிறென்று நடந்து உள்ளே போனார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். வாசலில் உப்பிட்டவரை யார் நினைக்கிறார்கள்?

வீடு திரும்பிய அன்று அக்கா ஒரு வாளி நிறைய உப்பு வாங்கிப் படியோரம் வைத்தாள். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "உனக்கு உத்தியோகம் போதும்டி, இதையும் நீயேதான் பார்க்க வேண்டுமா? மாப்பிள்ளைக்குக் கையில்லையா?" என்றாள்.

மறுநாள் விடியற்காலை மண்வாரிச் சத்தம் கேட்டு ஜன்னல் வழியே பார்த்தேன். அத்திம்பேர் படியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சகோதரிகளே, டெண்டர் இல்லாமலே!