தரங்கம்பாடியில் இரு நாள்

ஐரோப்பிய நகரொன்றைக் குளிர்காலத்திற் காணவேண்டுமென்பது என் நெடுநாளைய அவா. தளவாய்புரத்து மாணவனின் கைப்பொருளுக்குக் கோப்பன்ஹேகன் எட்டுமோ? ஆதலின் சென்ற மார்கழியில், வார இறுதி விடுமுறையில், இராஜபாளையத்தில் முன்பதிவில்லாப் பெட்டியிலேறி, மாயவரத்திலிறங்கி, தன்னந்தனியனாய், டேனியர் வாழ்ந்த தரங்கம்பாடியை அடைந்தேன். இருவேளையும் இட்டிலியே உணவு. 1620இல் அவர்கள் எழுப்பிய கோட்டையும், இராஜ வீதியும் விடியலின் வாடைக்காற்றில் ஆளரவமின்றிக் கிடந்தன.

புதிய எருசலேம் ஆலயத்தில், சீகன்பால்கு ஐயரின் கல்லறையருகே நெடுநேரம் அமர்ந்திருந்தேன். டேனிய மன்னர் அனுப்ப, 1706இல் தமது 23ஆம் வயதில் இங்கு வந்திறங்கிய அந்த ஜெர்மானியர், பள்ளிச் சிறாரோடமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சேற்றி முடித்தார். 36 வயதில் மறைந்தார். தமிழ் ஆனர்ஸ் பயிலும் எனக்கு வயது 19. யாப்பருங்கலக்காரிகையே இன்னும் வசப்பட்டிலது! அக்கல்லறை முன் எனக்குப் பக்தியினும் பொறாமையே மிகுந்ததென்றால் நண்பர்கள் நகைப்பார்கள். ஆயினும் உண்மை அதுவே.