ஊர்ச் சுவையும் உற்ற நட்பும்

"உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்பது எம் முன்னோர் வாக்கு. உணவு பசியைத் தீர்க்கும், உறவையும் வளர்க்கும். அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இவ்வுண்மையை உணர்த்தியது ஒரு தயிர்ச்சட்டி ஆகும்.

கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று நோக்கிப் பிரதான வீதியால் செல்வோர் ஒரு காட்சியைக் காண்பர். கல்முனைக்குடி, சாய்ந்தமருது, மாளிகைக்காடு என முஸ்லிம் ஊர்கள் அடுத்தடுத்து வரும். அவற்றைத் தொடர்ந்து காரைதீவு வரும். 1892 ஆம் ஆண்டு விபுலாநந்த அடிகள் பிறந்த தமிழ்க் கிராமம் அது. அதனைக் கடந்தால் மீண்டும் முஸ்லிம் ஊரான நிந்தவூர். பாங்கொலியும் கோயில் மணியோசையும் ஒரே காற்றில் கலந்து வரும். கிழக்கே கடல் மீனைத் தருகின்றது. மேற்கே வயல் நெல்லைத் தருகின்றது. வயலோரப் பட்டிகளில் நிற்கும் எருமைகள் பாலைத் தருகின்றன. மீன் பிடிப்பவர், வயல் செய்பவர், பட்டி வளர்ப்பவர் என எல்லோருடைய உழைப்பும் சேர்ந்துதான் எங்கள் வீட்டு ஒருநேரச் சாப்பாடு உருவாகின்றது. அவர்களுள் தமிழரும் உளர், முஸ்லிம்களும் உளர்.

எனது ஊர் சாய்ந்தமருது. கரைவலை இழுக்கும் காலங்களில் வாப்பா கடற்கரைக்குச் சென்று கீரி மீன் வாங்கி வருவார். உம்மா அதனைக் கழுவி, பழப்புளி கரைத்து, தேங்காய்ப்பால் விட்டு ஆணம் காய்ச்சுவார். சுடச்சுடப் பிட்டும் அந்த மீனாணமும் இருந்தால் எனக்கு வேறெதுவும் வேண்டியதில்லை. பிற இடங்களில் குழம்பு எனப்படுவதையே நாங்கள் ஆணம் என்கின்றோம். இது பழைய தமிழ்ச் சொல். அகராதியில் தேடினால் இச்சொல்லுக்கு அன்பு என்ற பொருளும் இருப்பதைக் காணலாம்.

இக்கடல் எமக்குத் துயரத்தையும் தந்திருக்கின்றது. 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி ஏற்பட்ட சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அதன் பின்னர் பல வாரங்களாக மக்கள் கடல்மீன் உண்ணத் தயங்கினர் என்றும், ஊரில் மீனாணத்தின் வாசமே இருக்கவில்லை என்றும் உம்மா கூறுவார். இறந்தவர்களைப் பற்றிய துக்கம் எல்லா ஊர்களுக்கும் பொதுவாக இருந்தது.

இனித் தயிர்ச்சட்டியின் கதைக்கு வருகின்றேன். என் நண்பன் காரைதீவைச் சேர்ந்தவன். அவனது அம்மம்மா எங்கள் மூத்தம்மாவின் வீட்டுக்குப் பல ஆண்டுகளாகத் தயிர் கொண்டு வந்தவர். பசுப்பாலில் ஏறத்தாழ 4 சதவீதம் கொழுப்பு உண்டு. எருமைப்பாலில் அது 7 சதவீதமளவில் இருக்கும். பாலைக் காய்ச்சி, இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டு, முதல்நாள் தயிரில் சிறிதளவை உறையாக இட்டு, சுட்ட மண்சட்டிகளில் ஊற்றி வைப்பார்கள். சட்டியின் நுண்துளைகள் நீரை உறிஞ்சுவதால் தயிர் கட்டியாகின்றது. கவிழ்த்தாலும் விழாத அத்தயிரில் சீனி தூவியோ பாணி ஊற்றியோ உண்பதன் சுவையை எழுத்தில் கூறுதல் கடினம்.

1990 ஆம் ஆண்டு எமது பிரதேசத்தில் இடம்பெற்ற வன்செயல்களில் இரு சமூகத்தவரும் உயிர்களையும் வீடுகளையும் இழந்தனர். அயலூருக்குச் செல்லவே மக்கள் அஞ்சினர். தயிர்ச்சட்டியும் வரவில்லை. பல மாதங்களின் பின் ஒரு நாள் காலை அந்த அம்மம்மா தலையில் பெட்டியுடன் படலையடியில் வந்து நின்றாராம். மூத்தம்மா அவரைத் திண்ணையில் இருத்தித் தேநீர் கொடுத்தார். நடந்தவை பற்றி இருவரும் ஒரு வார்த்தையும் பேசவில்லை. நெடுநேரத்தின் பின்னர் மூத்தம்மாதான், "சட்டி இப்ப என்ன விலை தங்கச்சி?" என்று கேட்டாராம். அதைச் சொல்லும்போதெல்லாம் மூத்தம்மாவின் கண்கள் கலங்கும்.

நானும் நண்பனும் வெவ்வேறு பாடசாலைகளில் கற்கின்றோம். ஆயினும் மாலைநேரத் தனியார் வகுப்பில் ஒரே வாங்கில் அமர்கின்றோம். வகுப்பு முடிந்ததும் வீதியோரத்தில் அவித்த சோளமோ கடலைச் சுண்டலோ வாங்கிப் பங்கிட்டு உண்போம். நோன்பு காலத்தில் அவன் என் முன்னால் தண்ணீர்ப் போத்தலையும் திறக்க மாட்டான். நான் வற்புறுத்தினாலும், "பிறகு குடிக்கலாம் மச்சான்" என்பான். அரிசியும் தேங்காய்ப்பாலும் இஞ்சியும் உள்ளியும் சேர்த்து உம்மா நோன்புக் கஞ்சி காய்ச்சும் நாளில், மாட்டிறைச்சி சேர்க்காமல் அவனுக்கென வேறொரு சட்டியில் காய்ச்சுவார். தைப்பொங்கலன்று நான் அவர்கள் வீட்டுக்குச் சென்றபோது, அவனது அம்மா படைப்பதற்கு முன்னரே எனக்கென ஒரு பங்கை எடுத்து மூடி வைத்திருந்தார். "இது படைக்காதது. கூச்சப்படாமச் சாப்பிடுங்க மகன்" என்றார். நான் எதையும் கேட்டிருக்கவில்லை. என் மார்க்கத்தை அவர் எனக்காக நினைத்துப் பார்த்திருந்தார். அன்றைய பொங்கலின் இனிப்பைவிட அந்த வார்த்தையே என் நெஞ்சில் நின்றது.

எல்லோரும் ஒரே மாதிரி உண்டால்தான் ஒற்றுமை என்று சிலர் எண்ணுகின்றனர். எனது அனுபவம் வேறு. மற்றவர் எதனை உண்பார், எதனை உண்ணமாட்டார் என்பதை அறிந்து, அதற்கேற்ப அடுப்பில் இன்னொரு சட்டியை ஏற்றுவதே நட்பு. அதற்குச் சற்று அதிகமாக விறகும் நேரமும் செலவாகலாம். அச்சிறு செலவை ஏற்கும் மனம் இருவரிடமும் இருக்க வேண்டும்.

2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களும், அதே மாதம் 26 ஆம் திகதி சாய்ந்தமருதில் குண்டு வெடிப்பும் நிகழ்ந்தன. அப்போது நான் சிறுவன். சந்தேகம் மீண்டும் ஊர்களுக்கிடையே வந்து நின்றதை நான் கண்டேன். ஊர்களிடையே வளர்ந்த நம்பிக்கை எவ்வளவு எளிதில் திரிந்து போகும் என்பதை அன்று அறிந்தேன்.

நேற்றைய தயிரில் ஒரு கரண்டி இல்லாமல் இன்றைய பால் உறைவதில்லை. மூத்தம்மாவும் அந்த அம்மம்மாவும் வைத்த உறையிலேதான் எங்கள் நட்பு உறைந்தது. நாளைய சட்டிக்கு உறை எடுத்து வைக்கும் பொறுப்பு இப்போது எம் கைகளில் உள்ளது. இளைய தலைமுறையினராகிய நாம் இப்பொறுப்பை உணர்ந்து வாழ்வோமாக.

பயிற்சி: உமது ஊருக்கே உரிய உணவொன்றையும் அதன் மூலம் உமக்குக் கிடைத்த உறவொன்றையும் பற்றி, உமது அனுபவத்தைக் கொண்டு ஒரு கட்டுரை எழுதுக.