112 கிலோவும் ஒரு ஸ்பிரிங்கும்

டிசம்பர் 7, ஞாயிறு

ஹைதராபாத் ராஷ்டிரபதி நிலையத்தின் மதிலைத் தாண்டும்வரை சாலை வழவழப்பு. குளிர்காலத்தில் குடியரசுத் தலைவர் வந்து தங்கும் இடம், தார் வேறு எப்படி இருக்கும்? அல்வால் பக்கம் வந்ததும் அசல் போலாரம் ஆரம்பித்துவிடும். ஒட்டுப்போட்ட தார், குழாய்க்குத் தோண்டி மூடிய பள்ளம், வெள்ளைக்கோடு அழிந்துபோன ஸ்பீட் பிரேக்கர். பின்சீட்டில் யாரும் இல்லாமலேயே என் 350 சிசி வண்டி ஸ்பீட் பிரேக்கரில் இறங்கும்போதெல்லாம் அடிவரை போய் 'டங்' என்று முட்டுகிறது. என் எடை 112 கிலோ.

லால் பஜார் மெக்கானிக்கிடம் காட்டினேன். தாத்தா காலத்திலேயே கன்டோன்மென்டுக்கு வந்துவிட்ட ஆற்காட்டுக் குடும்பம். "ஷாக்க ஃபுல் டைட்ல வச்சிடறேன் சார், கல்லு மாதிரி நிக்கும்" என்றார். கல்லு மாதிரி நிற்பதற்கு எதற்கு வண்டி? அளந்து பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித் திரும்பினேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

ஐரோப்பிய ஒன்றிய விதிகளில் இருசக்கர வண்டி ஓட்டுபவரின் எடை 75 கிலோ என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். நான் அந்த ஆளும், அவர் தோளில் ஏறிய ஒரு ஆறாம் வகுப்புப் பையனும். கடையிலிருந்து வரும் ஸ்பிரிங் எனக்காகச் செய்ததல்ல என்பதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. சட்டை வாங்கும்போது அளவு கேட்கிறார்கள். லட்சக்கணக்கில் கொடுத்து வண்டி வாங்கும்போது எடையை யாரும் கேட்பதில்லை என்பதுதான் விசித்திரம்.

டிசம்பர் 13, சனி

இன்று அளவெடுப்பு. மைத்துனன் ஹேண்டிலைப் பிடிக்க, மகள் டேப்போடு தரையில் உட்கார்ந்தாள். முதலில் சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரம் தரையைத் தொடாதபடி, ஆக்ஸிலிலிருந்து நேர் மேலே சீட்டுக்கடியில் ஒட்டிய அடையாளம் வரை ஓர் அளவு. அடுத்து ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஆள் இல்லாமல் நிமிர்த்திப் பிடித்து ஓர் அளவு. கடைசியில் ஹெல்மெட், ஜாக்கெட், ஷூ எல்லாம் போட்டுக்கொண்டு, இரண்டு காலையும் ஃபுட்ரெஸ்டில் வைத்து நான் உட்கார்ந்தபின் ஓர் அளவு. ஷாக்குக்குள் உராய்வு இருப்பதால் வண்டி ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்து நிற்காது. பின்பக்கத்தை ஒருமுறை அமுக்கி மெல்ல விட்டும், ஒருமுறை தூக்கி மெல்ல விட்டும் அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

"மாமா, மூச்ச இழுத்துப் பிடிச்சா எடை குறையாது" என்றான் மைத்துனன்.

ப்ரீலோட், அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கும் அளவு, இரண்டாவது ஸ்டெப்பில் இருக்கும்போது: வண்டி தன் எடையால் இறங்குவது 15 மில்லிமீட்டர், நானும் சேர்ந்தால் 42. கொக்கி ஸ்பேனரால் இரண்டு பக்கமும் கடைசி ஸ்டெப்புக்கு ஏற்றினோம். இப்போது 2, 29.

சாலை வண்டிக்கு, ஆள் உட்கார்ந்தபின் சக்கரத்தின் மொத்த ஆட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு இறங்கினால் சரி என்பது பொதுவான கணக்கு. என் வண்டிக்கு அது 30 சொச்சம். அப்படியானால் கடைசி ஸ்டெப்பில் 29 வந்துவிட்டதே, மெக்கானிக் சொன்னது சரிதானே?

இல்லை. 42-ல் 15 போனால் 27. 29-ல் 2 போனாலும் 27. நான் ஏறியதால் ஸ்பிரிங் எவ்வளவு சுருங்கியதோ, அது இரண்டு ஸ்டெப்பிலும் ஒன்றே. திருகித் திருகி ஏற்றியதால் ஸ்பிரிங் ஒரு துளியும் கடினமாகவில்லை. பின்பக்கம் 13 மில்லிமீட்டர் உயர்ந்தது, அவ்வளவே. ஃபுல் டைட் என்ற சொல்லில் நாம் நம்பிக்கொண்டிருப்பது இல்லாத ஒன்றை.

டிசம்பர் 14, ஞாயிறு

அந்த 2 மில்லிமீட்டர்தான் நேற்று இரவெல்லாம் மனதில் ஓடியது. சக்கரம் மேலே ஏற மட்டுமல்ல, பள்ளத்தில் கீழே இறங்கவும் இடம் வேண்டும். வண்டி தன் எடையில் கொஞ்சமும் இறங்காமல் நின்றால், ஆளின் எடைக்கு ஸ்பிரிங் போதவில்லை, ப்ரீலோடால் முட்டுக்கொடுத்திருக்கிறோம் என்று பொருள். ஆள் உட்கார்ந்த அளவு சரியாக இருந்தும் வெறும் வண்டி நிறைய இறங்கினால் ஸ்பிரிங் தேவைக்கு மேல் கடினம். இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

பின்பக்கம் தாழ்ந்தால் வேறு தொல்லைகளும் உண்டு. ஹேண்டில் திரும்ப மந்தமாகும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும்.

பின் சக்கரத்துக்கு இந்த ஆட்டமே ஒரு காலத்தில் கிடையாது. சீட்டுக்கடியில் இருந்த ஸ்பிரிங்தான் ஆளைக் காப்பாற்றியது. 1948-ல் ராயல் என்ஃபீல்டு பந்தயத்துக்கு இறக்கிய புல்லட்டில் பின் சக்கரத்தை மேலும் கீழும் ஆட விடும் ஸ்விங் ஆர்ம் இருந்தது, பலர் சிரித்தார்களாம். அதே ஆண்டு சான் ரெமோ ஆறு நாள் பந்தயத்தில் வென்ற பிரிட்டிஷ் அணியில் இரண்டு புல்லட்டுகள் இருந்தன.

டிசம்பர் 17, புதன்

ராணிகஞ்ச். ஒரு கடையில் மாடல் பெயரைக் கேட்டார்கள், நிறம் கேட்டார்கள். எடை? "ஹெவி டியூட்டி இருக்கு சார்." எவ்வளவு ஹெவி என்றால் பதில் இல்லை.

எனக்கு வேண்டியது தெளிவு. நான் ஏறுவதால் இறங்கும் 27 என்பது 22 அளவுக்கு வர வேண்டும். அதாவது கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாகக் கூடுதல் கடினம். ஸ்பிரிங்கின் வலு கம்பித் தடிமனின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. சுருளின் அகலமும் சுற்றுகளும் மாறாமல் 8 மில்லிமீட்டர் கம்பி 8.5 ஆனாலே வலு 27 சதவீதம் கூடிவிடும். கண்ணுக்குத் தெரியாத அரை மில்லிமீட்டர். சுற்றுகள் குறைந்தாலும் வலு கூடும். சிலர் சுருளையே வெட்டிவிடுவது அந்த அரைகுறை அறிவால்தான். வெட்டினால் உயரமும் போகும், முனை சரியாக உட்காராது. செய்யாதீர்கள்.

ஸ்பிரிங் வலுவை எண்ணாகவே சொன்ன இன்னொரு கடையில் ரீபவுண்டு குமிழ் உள்ள ஜோடி ஒன்றை வாங்கினேன். அந்தக் குமிழ் அலங்காரமல்ல. சுருங்கிய ஸ்பிரிங் திரும்பித் துள்ளுவதை அடக்குவது ஷாக்குக்குள் சின்னத் துளைகள் வழியே நெருக்கிப் போகும் எண்ணெய். துள்ளலின் சக்தி அங்கே வெப்பமாகிறது. கடினமான ஸ்பிரிங் வேகமாகத் துள்ளும், அடக்குவதும் அதற்கேற்பக் கூட வேண்டும்.

நம் ஊர்க் கம்பெனிகளுக்கு இது தெரியாததல்ல. ஓசூர் டிவிஎஸ் 2021-ல் அப்பாச்சி ஆர்ஆர் 310-க்கு முன்னும் பின்னும் திருத்தக்கூடிய சஸ்பென்ஷனைத் தனி கிட்டாகவே கொடுத்தது. ஸ்போர்ட்ஸ் வண்டிக்குக் கொடுத்ததைக் குடும்ப வண்டிக்கும் கொடுக்கலாம்.

டிசம்பர் 20, சனி

லால் பஜாரில் மாட்டியாயிற்று. 9, 31. மெக்கானிக் டேப்பைத் தானே வாங்கி இன்னொரு முறை அளந்து பார்த்தார். செயின் தொய்வைத் திரும்பப் பார்த்து, ஹெட்லைட்டின் கோணத்தையும் சரிபார்த்தார். முன் ஃபோர்க்கை இப்போதைக்குத் தொடவில்லை. உட்கார்ந்த ஆளின் பாரத்தில் பெரும்பங்கு பின்னால்தான் விழுகிறது.

ஹகிம்பேட்டை வரை போய்த் திரும்பினேன். முட்டல் இல்லை. ரீபவுண்டை இரண்டு கிளிக் கூட்டியதும் ஸ்பீட் பிரேக்கர் தாண்டியபின் வரும் இரண்டாவது குதிப்பும் நின்றது. மனைவியும் பின்னால் ஏறும் நாளில் ப்ரீலோடை இரண்டு ஸ்டெப் ஏற்றுவேன். அது இருப்பதே அதற்குத்தான்.

ஒன்று சொல்ல வேண்டும். ஸ்பிரிங் மாற்றியதால் வண்டி தாங்கும் மொத்த எடை கூடிவிடாது. டயரும் பிரேக்கும் சேஸிஸும் பழையவைதான். கையேட்டில் உள்ள வரம்பு அப்படியே இருக்கிறது. என்னைப் போன்ற கனத்த ஆட்கள் கடைக்குப் போகும் முன் டேப்பை எடுத்து அந்த இரண்டு எண்களையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அதைக் காட்டியும் "ஹெவி டியூட்டி" என்று மட்டும் சொல்கிற கடையில் வாங்காதீர்கள்.