வாக்கப்பட்ட ஊரில் ஒரு சங்கம்

புதுச்சேரியில் வழுதாவூர் சாலையிலிருந்து தட்டாஞ்சாவடிக்குள் திரும்பும் தெருக்களில் குடியிருக்கும் பெண்கள் பலர் இந்த ஊரில் பிறந்தவர்கள் அல்லர். விழுப்புரம், கடலூர், திண்டிவனம், காரைக்கால் என்று எங்கெங்கோ படித்துவிட்டு, தொழிற்பேட்டையில் வேலை கிடைத்த கணவரோடும், அரசு அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்த கணவரோடும் இங்கே குடித்தனம் வைத்தவர்கள். வந்து பதினைந்து வருஷம் ஆகியிருக்கும். அக்கம்பக்கத்தில் அவர்களுக்கு வழங்கும் பெயர் 'மாடி வீட்டு அம்மா', இல்லையென்றால் பிள்ளையின் பெயரோடு ஓர் 'அம்மா'. மார்க்கெட் கமிட்டியில் கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டு நிற்கும் அந்த அம்மா வேதியியலில் முதுகலை முடித்தவர் என்பது பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. பல நேரம் அவருக்கே அது மறந்துபோகிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நான் உள்ளூர்க்காரி. மகாத்மா காந்தி சாலையில் இருக்கும் பாரதிதாசன் அரசு மகளிர் கல்லூரியில் படித்தேன். 1968இல் தொடங்கிய கல்லூரி அது. புதுச்சேரியில் எத்தனையோ வீடுகளில் முதல் பட்டதாரிப் பெண் அங்கிருந்துதான் வந்தாள். படித்த கல்லூரி கூப்பிடு தூரத்தில் இருப்பதால் முன்னாள் மாணவியர் கூட்டம் என்றால் ஸ்கூட்டியில் போய்விட்டு வந்துவிடுவேன். திருச்சியில் படித்தவர் என்ன செய்வார்? 'நாக்' குழு கல்லூரிகளைத் தரம் பார்க்கும்போது பழைய மாணவர்களின் பங்களிப்பையும் கணக்கில் எடுத்துக்கொள்வதால், இப்போது எல்லாக் கல்லூரிகளும் அவர்களைத் தேடுகின்றன. ஆண்கள் எளிதில் அகப்படுகிறார்கள். பெண்ணுக்குக் கல்யாணத்தோடு இனிஷியல் மாறுகிறது, ஊர் மாறுகிறது, சில வீடுகளில் கைபேசி எண்கூடக் கணவர் பெயரில். அவளைத் தேடிக் கண்டுபிடிப்பதே ஒரு சங்கத்தின் முதல் வேலையாகிவிடுகிறது.

அமெரிக்காவில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு உண்டு. அங்கே கல்லூரிகளில் சொராரிட்டி என்னும் மாணவியர் சங்கங்கள் கிரேக்க எழுத்துகளைப் பெயராகக் கொண்டு இயங்குகின்றன. பட்டம் வாங்கியதோடு உறவு முடிவதில்லை. எந்த ஊருக்கு வாழப் போனாலும் அந்த ஊர்க் கிளையில் சேர்ந்துகொள்ளலாம். எந்தக் கல்லூரியில் படித்தோம் என்பது அங்கே தடையில்லை. கறுப்பினப் பெண்கள் இதை வாழ்நாள் கடமையாகவே நடத்திவருகிறார்கள். அவர்களுடைய முதல் சங்கமான ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா 1908இல் வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பிறந்தது. 1935 முதல் 1942 வரை, கோடைதோறும், அதன் பட்டதாரி உறுப்பினர்கள் தங்கள் விடுமுறையைக் கொடுத்து மிசிசிப்பியில் பருத்திக்காட்டுக் குடும்பங்களுக்கு மருத்துவ முகாம் நடத்தினார்கள். மருத்துவர் டோரதி ஃபெரிபீ தலைமை தாங்கினார். ரயிலில் டிக்கெட் தர மறுத்தார்கள். சொந்தக் கார்களில் போனார்கள். தோட்ட முதலாளிகள் கூலிகளை முகாமுக்கு அனுப்ப மறுத்தார்கள். காரையே மருத்துவமனையாக்கித் தோட்டத்துக்குள் போனார்கள். ஆசிரியைகளும் செவிலிகளும் மருத்துவர்களுமாக ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு அம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் தடுப்பூசி போட்டார்கள். சங்கம் என்றால் எனக்கு இதுதான் நினைவுக்கு வரும்.

அந்தச் சங்கத்தின் பெயர் நம் பக்கத்துக்கு வந்து சேர்ந்தது 2020இல். மன்னார்குடிக்கு அருகே துளசேந்திரபுரத்தில் வேர் கொண்ட கமலா ஹாரிஸ், ஹோவர்டில் படிக்கும்போது 1986இல் அதில் சேர்ந்தவர். அவர் துணை அதிபர் வேட்பாளரானதும் சங்கத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில், அவரவர் சொந்தப் பணத்திலிருந்து, 19 டாலர் 8 சென்ட் நன்கொடை அனுப்பினார்கள். சங்கம் பிறந்த ஆண்டே தொகை. நீதிபதியும் அதே தொகை, பள்ளிக்கூட ஆசிரியையும் அதே தொகை. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

எங்கள் கூட்டம் அதற்குப் பிறகு கூடியதுதான். பெயர்ப்பலகை இல்லை, கட்டடம் இல்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை யாராவது ஒருவர் வீட்டு மாடியில் உட்காருவோம். ஒரே கல்லூரியில் படித்தவர்கள் என்ற கட்டாயம் கிடையாது. மகளிர் கல்லூரி ஒன்றில் படித்து, தட்டாஞ்சாவடியிலோ பக்கத்திலோ குடியிருந்தால் போதும். காரைக்கால் அவ்வையார் கல்லூரிக்காரரும் திருச்சி சீதாலட்சுமி ராமசாமி கல்லூரிக்காரரும் ஒரே பாயில் உட்கார்ந்து விடுதிச் சாம்பாரைத் திட்டும்போது, அங்கே யாரும் யாருக்கும் மாடி வீட்டு அம்மா இல்லை.

பெண்பிள்ளைகளின் படிப்புக்காக ஆளுக்கு மாதம் நூறு ரூபாய். கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். இதற்கு ஒரு சண்டையே நடந்தது. வங்கியில் நல்ல பதவியில் இருக்கும் ஒருவர், "ஏங்க்கா, கொடுக்க முடிஞ்சவங்க கொடுத்தா என்ன? பொண்ணுங்களுக்குத்தானே போகுது?" என்றார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆனாலும் ஐயாயிரம் கொடுப்பவர் பேசும்போது நூறு கொடுப்பவர் வாயை மூடிக்கொள்வார் என்பதை நாங்கள் வேறு இடங்களில் பார்த்திருக்கிறோம். சம்பளம் இல்லாத பெண்ணின் நூறு ரூபாய் எங்கிருந்து வருகிறது? கடுகு டப்பாவிலிருந்து, பால் கணக்கில் மிச்சம் பிடித்த சிறுவாட்டிலிருந்து. அந்த நோட்டுக்கு உள்ள கனத்தை எந்தக் காசோலைக்கும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதிகம் தர விரும்பியவர் இப்போது வெயில் காலத்தில் தன் மொட்டை மாடியை எங்களுக்கு விட்டுவிடுகிறார். அங்கே வடகம் பிழிந்து காயவைத்து விற்கிறோம். அந்தப் பணமும் பொதுவில் சேர்கிறது.

ரசீது கண்டிப்பாக உண்டு. முதல் ரசீதை எழுதும்போது ஒருவர் தயங்கி, "அவர் பேர்லயே போட்டுடுங்களேன்" என்றார். கல்யாண வீட்டு மொய் நோட்டில் நாம் எழுதிய பணமெல்லாம் யார் பெயரில் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பலகாரம் செய்தது அவள், அண்டாவைத் தூக்கிவந்தது அவள், நோட்டில் இருப்பது அவர். துளசேந்திரபுரம் தர்மசாஸ்தா கோயிலில் நன்கொடையாளர் கல்லில் கமலா ஹாரிஸின் பெயர் இருக்கிறது. 2014இல் அவர் பெயரில் கொடுத்த 5,000 ரூபாய்க்கு. கல்லில் வேண்டாம், கார்பன் தாளிலாவது நம் பெயர் இருக்கட்டும் என்று சொன்னேன். தயங்கியவர் தன் பெயரையும், அதன் கீழே தான் வாங்கிய பட்டத்தையும் எழுதச் சொன்னார். அதன் பிறகு எல்லா ரசீதிலும் பட்டம் எழுதுகிறோம்.

அரசுக் கல்லூரியில் கட்டணம் குறைவுதான். ஆனால் பெண்பிள்ளையின் படிப்பு நிற்பது கட்டணத்தால் மட்டுமில்லை. கல்லூரிச் சேர்க்கைக்கான சென்டாக் விண்ணப்பத்தில் சாதிச் சான்றிதழைச் சரியாக ஏற்றத் தெரியாமல், கடைசித் தேதி தவறி, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று வீட்டில் சொல்லி, அதற்குள் வரன் வந்து நிற்கிறது. அதனால் பிளஸ் டூ முடிவு வரும் வாரங்களில் எங்கள் மாடியே விண்ணப்ப நிலையம். பிறகு தேர்வுக் கட்டணம், பஸ் காசு, ஆய்வுக்கூடத்துக்கு ஒரு வெள்ளைக் கோட்டு. சின்னச் சின்னத் தொகைகள். சரியான கிழமையில் கையில் இருந்தால் ஒரு படிப்பு முழுதாகிறது.

புதுச்சேரிக்கென்றே ஒரு சிக்கல் வந்தது. என்னோடு படித்த தோழி பாரிஸ் பக்கம் இருக்கிறார், பிரெஞ்சுக் குடியுரிமை. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி ஊர் கைமாறியபோது அவர் தாத்தா பிரான்சைத் தேர்ந்துகொண்ட குடும்பம். எங்கள் ஊரில் இப்படி நிறைய வீடுகள். ஒரு பெரிய தொகையை அனுப்புகிறேன் என்றார். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ளவர் கொடுப்பது, அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவரானாலும், சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டு நன்கொடை, எஃப்.சி.ஆர்.ஏ. பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் தொடக்கூடாது. வேண்டாம் என்று சொல்ல மனசு கஷ்டப்பட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஆகஸ்ட் விடுமுறைக்கு வந்தபோது மாலைதோறும் எங்கள் பெண்களுக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தார். மிசிசிப்பிக்குப் போன பெண்களும் தங்கள் விடுமுறையைத்தானே கொடுத்தார்கள்.

கடல் தாண்டிப் போன பெண்கள் கூட்டம் சேர்ப்பதில் நமக்கெல்லாம் மூத்தவர்கள் யாழ்ப்பாணத்துப் பெண்கள். உடுவில் மகளிர் கல்லூரி என்ற பள்ளி 1824இல் அமெரிக்க மிஷனரிகள் தொடங்கியது. வேம்படி, சுண்டிக்குளி என்று அங்கே படித்தவர்கள் இன்று லண்டனிலும் டொரொண்டோவிலும் பழைய மாணவிகள் சங்கம் நடத்துகிறார்கள். இராப்போசன விருந்து, கலைமாலை, விளம்பரம் வாங்கிப் போடும் சிறப்பு மலர் என்று பணம் சேர்த்துப் பள்ளிக்கு அனுப்புகிறார்கள். வீடும் ஊரும் பறிபோன பிறகு பள்ளிக்கூடம் ஒன்றுதான் பொதுச் சொத்தாக மிஞ்சியது என்று அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார். விருந்து மண்டபங்கள் மேல் எனக்குப் பெரிய பிரியமில்லை, சேர்ந்த பணத்தில் பாதியை மண்டபமே தின்றுவிடும். ஆனால் அகதியாக இறங்கிய நகரத்தில் ஒரு பெண் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு தன் வகுப்புத் தோழியைத் தேடிப் போக ஒரு மாலை வேண்டாமா?

பணம் மட்டும்தான் பழைய மாணவிகளின் வேலை என்று யாராவது நினைத்தால் அவர்களுக்குச் சென்னை ராணி மேரிக் கல்லூரியைச் சொல்வேன். 1914இல் தொடங்கிய அந்தக் கல்லூரியை இடித்துத் தலைமைச் செயலகம் கட்ட 2003இல் அரசு முடிவெடுத்தபோது, மாணவிகளோடு பழைய மாணவிகளும் சேர்ந்து நின்றார்கள். கல்லூரி இன்றும் கடற்கரைச் சாலையில் இருக்கிறது.

இப்போது சங்கத்தைப் பதிவு செய்யலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறோம். 1860ஆம் ஆண்டுச் சட்டப்படி ஏழு பேர் கையெழுத்திட்டால் போதும். கணக்கு, தணிக்கை என்று வேலை கூடும் என்று சிலருக்குத் தயக்கம். பதிவு செய்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. பிறர் பணத்தைத் தொடுகிறவர்கள் கணக்குக் காட்டக் கடமைப்பட்டவர்கள். தட்டாஞ்சாவடிக்குப் புதிதாக வாழ வந்திருக்கும் பெண் யாராவது இதைப் படித்தால், அடுத்த கூட்டத்துக்கு வந்துவிடுங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டே வரலாம். எந்தக் கல்லூரி என்று கேட்போம், அவ்வளவுதான்.