அண்ணாவின் இசைத்தட்டு

என் அண்ணாவுக்குப் பீட்டில்ஸ் கோஷ்டியாரிடம் ஒரே பைத்தியம். 1967-ம் வருஷம் இங்கிலாந்தில் வெளியான, ‘ஸார்ஜண்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பாண்ட்’ என்று மூச்சு முட்டும் பெயர் கொண்ட இசைத்தட்டை அவர் அல்லும் பகலும் சுழல விடுவார். “இதுவும் ஒரு ஸங்கீதமா?” என்று நான் பரிகாசம் செய்வேன். இதனால் எங்களுக்குள் மூண்ட சண்டைகள் கொஞ்சநஞ்சமல்ல.

2017-ல் அந்தத் தட்டுக்குப் பொன்விழா வந்தது. அண்ணா காலமாகி அப்போது இரண்டு வருஷம். பீரோவிலிருந்து அதை எடுத்துத் தூசி தட்டி வைத்தேன்.

இரண்டாம் பக்கத்தில் எடுத்த எடுப்பிலேயே தம்புரா சுருதி! ஜார்ஜ் ஹாரிஸன் மற்ற மூவரையும் விட்டுவிட்டு, லண்டனிலிருந்த இந்திய வாத்தியக்காரர்களைச் சேர்த்துக்கொண்டு, தில்ரூபாவும் தபலாவும் ஒலிக்கப் பாடியிருக்கிறார். பாட்டின் முடிவில் ஒரு சிரிப்பொலி. அது என்னைப் பார்த்தே சிரித்தாற்போலிருந்தது.

கடைசிப் பாட்டு பியானோ நாதத்தில் முடிகிறது. பலர் ஒரே சமயத்தில் கட்டைகளை அழுத்த, நாதம் தேயத் தேய ஒலிப்பதிவின் அளவை உயர்த்திக்கொண்டே போனார்கள். நாற்பது விநாடிக்கு மேல் அது நிற்கிறது. அறையில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டதுகூடப் பதிவாகிவிட்டது. அந்த இடம் வந்ததும் அண்ணா விரலை உயர்த்தி, “உஷ்! இப்போது கேள்” என்பார். நானோ வேண்டுமென்றே பேசிக்கொண்டிருப்பேன்.

அன்று பேசாமல் கேட்டேன். நாற்காலி கிறீச்சிட்டது. சட்டென்று திரும்பி, ஜன்னலோரம் கிடந்த அண்ணாவின் சாய்வு நாற்காலியைப் பார்த்தேன்.