கடகமா, மிதுனமா?

அமெரிக்காவில் பேஸ்பால் ரஸிகர்கள் நிஜ ஆட்டக்காரர்களைப் பொறுக்கிக் கற்பனைக் கோஷ்டி அமைத்துப் போட்டியிடுவார்கள். மைதானத்தில் அவர்கள் அடிப்பதெல்லாம் இவர்கள் கணக்கில் ஏறும். புதிதாய்ச் சேர்த்தவர்களை ராசிவாரியாகப் பிரிப்பதும் உண்டென்று அறிந்ததும் எனக்குப் பஞ்சாங்க ஞாபகம் வந்துவிட்டது.

2023 டிசம்பரில் டாட்ஜர்ஸ் கோஷ்டியார் 10 வருஷத்துக்கு 70 கோடி டாலர் பேசி அமர்த்திய ஷோஹெய் ஓடானியைப் பாருங்கள். 1994 ஜூலை 5-ந் தேதி ஜனனம். மேனாட்டார் ஸூரியனைக் கொண்டு கடகம் என்கிறார்கள். நமக்கோ ராசி என்றால் சந்திரன். போகட்டும், ஸூரியனே ஆனாலும் நம் கணக்கில் அன்று அவன் மிதுனத்தில்! பந்தெறிவதிலும் அடிப்பதிலும் சமர்த்தரான மனிதருக்கு இரட்டையர் ராசியே பொருத்தம் என்பது என் கட்சி.

ஆனால் முழங்கை ரணசிகிச்சை காரணமாக 2024-ல் அவர் பந்தெறியவே இல்லை. அதை நண்டும் சொல்லவில்லை, இரட்டையரும் சொல்லவில்லை. அவ்வருஷம் அவர் அடித்த ஹோம் ரன் 54. கண் தப்பி ஓடிப் பிடித்த தளங்கள் 59.