பெனி ஹசன் மலைக் கல்லறைகள்

எகிப்து தேசத்தைக் காணச் செல்வோர் பெரும்பாலும் கெய்ரோ நகரில் இறங்கி, கீசாவிலுள்ள பிரமிடுகளைக் கண்டு, பின்னர் லக்ஸர் சென்று, அரசர்களின் பள்ளத்தாக்கைப் பார்த்து ஊர் திரும்புவர். இவ்விரண்டிற்கும் இடையே நைல் நதியின் இரு மருங்கிலும் நீண்டு கிடக்கும் நாட்டுப்புறம் அவர் கண்ணிற் படுவதில்லை. யாமும் அவ்வாறே திரும்பியிருப்போம். பழைய படமொன்று எம்மை இழுத்திராவிடின், பெனி ஹசன் என்னும் சிற்றூரின் பெயரையும் எம் பிரயாணத் திட்டத்திற் சேர்த்திருக்கமாட்டோம்.

எம் தந்தையார் கிராமத்து மிஷன் பள்ளியொன்றில் உபாத்தியாயராக இருந்தவர். பழைய வேத அகராதியொன்றினின்று எடுத்து அட்டையில் ஒட்டிய படம் ஒன்று அவர் வகுப்பறைச் சுவரில் தொங்கிற்று. பலவருண ஆடை உடுத்த ஆடவரும் பெண்டிரும் அதில் வரிசையாக நடந்து வருவர். கழுதையொன்றின் முதுகிலே குழந்தைகள் இருவர் அமர்ந்திருப்பர். 'யாக்கோபின் குடும்பத்தார் எகிப்துக்கு வந்தது' என்று படத்தின் அடியில் அவர் தம் கையாலேயே எழுதி வைத்திருந்தார். அக்குடும்பத்தார் எழுபது பேர் என்று ஆதியாகமம் கூறுகின்றது. ஒரு நாள் வகுப்பிலிருந்த சிறுவன் ஒருவன் படத்திலுள்ளோரை எண்ணிப் பார்த்து, "ஐயா, பதினைந்து பேர்தானே இருக்கிறார்கள்?" என்று கேட்டான். தந்தையார் சிறிதும் தயங்காமல், "மற்றவர்கள் பின்னால் வருகிறார்களடா" என்றார். வகுப்பு முழுதும் நகைத்தது, அவரும் நகைத்தார்.

யாம் இக்கல்லூரியிற் சேர்ந்த முதலாண்டில், நூலகத்தில் எகிப்தைப் பற்றிய நூலொன்றின் சில பக்கங்களைப் புரட்டினோம். அவ்வளவே, முற்றும் படித்தோமில்லை. கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு ஊர் சென்றபோது அந்த வகுப்பறையுட் புகுந்து, மாணவர் முன்னிலையிலேயே, "அப்பா, இது யாக்கோபின் குடும்பமன்று, இப்படிச் சொல்லிக் கொடுப்பது பிழை" என்றோம். அவர் சினங்கொள்ளவில்லை. "அப்படியா, தம்பி?" என்று மட்டும் சொன்னார். அன்று மாலையே அப்படத்தைக் கழற்றிவிட்டார். ஆணி மட்டும் பல ஆண்டுகள் அச்சுவரில் இருந்தது. அதைக்குறித்து அவரும் எம்மிடம் பேசவில்லை, யாமும் பேசவில்லை. அவர் காலஞ்சென்று நெடுநாளாயிற்று.

கெய்ரோவுக்குத் தெற்கே ஏறக்குறைய 245 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மின்யா நகருக்கு இரயிலேறிச் சென்று, அங்கிருந்து மோட்டார் வண்டியில் நதியின் கீழ்க்கரை வழியே சென்றோம். கரும்பும் ஈச்சமரமும் நிறைந்த பசுமை ஓரிடத்திற் சட்டென்று முடிய, மறு அடியிலேயே பாலைவனம் தொடங்குகின்றது. கரும்புச் சுமையேற்றிய கழுதைகள் எதிரே வந்தன. செங்கல் வீடுகளும் மண் வீடுகளும் விரவிய அச்சிற்றூரைக் கடந்ததும், சுண்ணாம்புக்கல் மலையின் இடுப்பிலே கரிய வாயில்கள் வரிசையாகத் தோன்றின. படிகளேறும்போது எமக்கு மூச்சு வாங்கியது என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

அம்மலையிற் குடைந்த பெரிய கல்லறைகள் 39. அவற்றுள் ஓவியமுடையவை 12. பார்வையாளருக்கு வழக்கமாகத் திறந்து காட்டப்படுபவை நான்கே. பதினோராம், பன்னிரண்டாம் அரச வமிசங்களின் காலத்தில், அஃதாவது இற்றைக்கு நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், 'ஓரிக்ஸ் மான்' என்னும் பெயர்கொண்ட மாகாணத்தை ஆண்ட அதிபதிகள் தமக்கும் தம் சுற்றத்தார்க்கும் வெட்டுவித்தவை இவை. மலைச்சரிவில் இவற்றிற்குக் கீழே, எழுத்தரும் பணியாளருமாகிய சிறியோர்க்கு வெட்டிய குழிக் கல்லறைகள் பல உள. ஜான் கார்ஸ்டாங் என்பார் 1902 முதல் 1904 வரை தோண்டி அவற்றுள் 888ஐ ஆராய்ந்தார். மரத்தாற் செய்த சிறு படகுகளும், அப்பம் சுடுவோர் பதுமைகளும் அவற்றிற் கிடைத்தன. அதிபதிகளின் பெருமையினும் இச்சிறு பதுமைகளே எம் மனத்திற்கு அணுக்கமாயின. ஆயினும் அவை பல நாட்டுக் காட்சிச்சாலைகளுக்குப் போய்விட்டபடியால் மலையில் காண்பதற்கில்லை.

பாகெத் என்பவனுடைய கல்லறையின் கீழ்ச்சுவரில் மல்லர் இருநூறு இணைக்கு மேல் எழுதப்பட்டுள்ளனர். பிடிக்கும் பிடிக்கும் இடையேயுள்ள சிறு வேறுபாடும் தோன்றுமாறு வரிசை வரிசையாக வரைந்திருத்தலின், ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்துச் செல்வார்க்குச் சினிமாச் சுருள் ஓடுவது போலத் தோற்றும். இருவர் உடம்பும் பின்னிக் கிடக்கையிற் கை எவருடையது, கால் எவருடையது என்பது மயங்காதிருக்க, ஒருவனைக் கருஞ்செம்மையாகவும் மற்றவனை இளஞ்செம்மையாகவும் தீட்டியுள்ளான் ஓவியன். நம் கல்லூரித் தேகப்பயிற்சி ஆசிரியர் கண்டால் அச்சுவரைவிட்டு நகரமாட்டார். அயலிலுள்ள கேத்தியின் கல்லறையிலும் மல்லர் உளர்.

அமெனெம்ஹாத் என்னும் அதிபதியின் கல்லறை முகப்பில் எண்பட்டைத் தூண்கள் இரண்டும், உள்ளே பதினாறு பட்டைத் தூண்கள் நான்கும் உண்டு. கிரேக்கர் கோயில்களுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் முற்பட்ட இவற்றை 1828இல் கண்ட ஷம்போலியோன், டோரியத் தூணின் முன்னோடியென வியந்தார். தூணினும் எம்மை நிறுத்தியது வாயிலிலுள்ள கல்வெட்டு. முதலாம் செனுஸ்ரெத் வேந்தனின் 43ஆம் ஆட்சியாண்டில் பொறித்தது அது. பஞ்ச காலம் வந்தபோது மாகாணத்தின் வயல்கள் அனைத்தையும் எல்லைவரை உழுவித்ததாகவும், கைம்பெண்ணுக்கும் கணவனுள்ளவளுக்கும் ஒப்பக் கொடுத்ததாகவும், தன் நாளிற் பசித்தார் ஒருவரும் இலர் என்றும் அவன் கூறிக்கொள்கின்றான். கல்லறையிற் பொய் எழுதுவோரும் உளர். இவன் சொல்லை எந்த அளவிற்கு நம்பலாமென்பது வேறு. எவற்றால் ஒருவன் தன்னை நல்லவனெனக் காட்டிக்கொள்ள விரும்பினான் என்பதே எமக்குப் போதியதாயிற்று.

இறுதியாக இரண்டாம் க்நும்ஹோதெப்பின் கல்லறைக்குட் புகுந்தோம். சுவரடியில் அவன் வரலாறு 222 வரிகளில் ஓடுகின்றது. உள்ளே நேரெதிரிலுள்ள சுவரில் சதுப்பு நிலத்துப் பறவை வேட்டை. வேலமரக் கிளைகளிலே கீச்சானும் கொண்டலாத்தியும் இறகின் நிறம் கெடாமல் அமர்ந்துள்ளன. 1891இல் பதினேழு வயதுச் சிறுவன் ஒருவன் இம்மலையின் ஓவியங்களைப் பார்த்தெழுதும் பணிக்கு வந்தான். எகிப்தில் அவனுக்குக் கிடைத்த முதல் வேலை அது. அவனே 1922இல் துத்தன்காமுனின் கல்லறையைக் கண்டுபிடித்த ஹோவார்ட் கார்ட்டர்.

வடசுவரை நோக்கித் திரும்பினோம். யாம் சிறுவயதிற் கண்ட அதே வரிசை! அகராதிப் படத்தில் மங்கிய கோடாயிருந்தவை இங்கே செம்மையும் நீலமும் வெண்மையுமாக நின்றன. முன்னே வரையாட்டைப் பிடித்து வருபவன் அவர் தலைவனாகிய அபிஷா. அடுத்தவன் ஒரு மானைக் கொணர்கின்றான். வில்லும் வேலும் ஏந்தியவர், கணைக்கால் மூடிய காலணி பூண்ட பெண்டிர் நால்வர், யாழ் மீட்டி நடப்பவன் ஒருவன், கழுதைமேல் அவ்விரு குழந்தைகள்! இவர்கள் ஆமு எனப்படும் ஆசிய நாட்டினர். இரண்டாம் செனுஸ்ரெத்தின் 6ஆம் ஆண்டிலே கண்ணுக்கு இடும் மை கொணர்ந்தவர். அபிஷாவின் பெயர்மேல் 'அயல்நாட்டு அதிபன்' என்று எழுதப்பட்டுள்ளது. பிற்காலத்தில் எகிப்தின் வடபகுதியை ஆண்ட ஹைக்ஸோஸ் என்னும் அயலாரின் பெயர் இச்சொல்லினின்றே பிறந்தது.

எம்முடன் வந்த காவலர் நீண்ட அங்கி தரித்த முதியவர். யாம் நெடுநேரம் ஒரே இடத்தில் நிற்பதைக் கண்டு அருகில் வந்து, "யூசுப்?" என்று கேட்டார். இப்படத்தைத் தேடி வருவோர் பலரும் யோசேப்பின் சகோதரரைத் தேடியே வருவர் போலும். பின்பு தலையசைத்து, "யூசுப் இல்லை, அபிஷா" என்றார். யாம் அன்று எம் தந்தையாரிடம் சொன்னதையே அவரும் சொன்னார். ஆனால் எவரும் கேளாதபடி மெல்லிய குரலில், புன்னகையோடு சொன்னார். ஒரு காலத்தில் மேனாட்டு அறிஞரும் இதனை யாக்கோபின் குடும்பமென்றே எழுதினர். சித்திர எழுத்தைப் படிக்க உலகிற்குக் கற்பித்த ஷம்போலியோனே இவர்களைக் கிரேக்கரெனக் கருதினார். இவையனைத்தையும் அப்பொழுது அறிந்திருந்தால், கிராமத்துச் சுவரிலிருந்த படத்தை அவ்வளவு விரைந்து இறக்கச் செய்திருப்போமா?

வரிசைக்கு முன்னே எகிப்திய எழுத்தன் ஒருவன் நின்று, எழுதிய பலகையை நீட்டுகின்றான். வந்த ஆமு மக்களின் தொகை அதில் உள்ளது. 37 பேர் என்பது அத்தொகை. சுவரிலுள்ளோரை எண்ணினோம். ஆடவர் எண்மர், பெண்டிர் நால்வர், சிறார் மூவர். ஐயமுற்று மறுபடியும் எண்ணினோம், பதினைவரே. நூலகத்தில் யாம் புரட்டாது விட்ட பக்கங்களில் இத்தொகையும் இருந்திருக்கும். மற்ற இருபத்திருவரை ஓவியன் எழுதவில்லை. அவர்கள் பின்னால் வருகின்றனர்.

காவலர் வாயிலருகே நின்று சாவிக்கொத்தை ஒரு முறை அசைத்தார். யாம் நகராமை கண்டு, வெளியே சென்று படியில் அமர்ந்துகொண்டார்.